டெல்ப் நகரத்துப் பாதிரியாரும் தீவகத்துக் குடும்பங்களும்

யான் யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்து வருபவன். அண்மையில் என்னிடம் பயிலும் மாணவனொருவன், யப்பானியர் ஆட்சியிலே கொரியக் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கூறும் வரலாற்றுப் புனைகதையொன்றைப் படித்துவிட்டு வந்தான். நம் தீவுகளின் குடும்பங்களுக்கும் இத்தகைய கதை உண்டா ஐயா என்று வினவினான். கொரியர் 1910 முதல் 1945 வரை அந்நியர் ஆட்சியில் இருந்தனர். 1938-க்குப் பின் அவர்தம் மொழி பாடசாலைகளினின்றும் படிப்படியாக அகற்றப்பட்டது. 1940 முதல் யப்பானியக் குடிப்பெயர்களை ஏற்குமாறும் அவர்கள் நெருக்கப்பட்டனர். பெயரும் மொழியும் பறிபோன வீட்டின் துயரை அரசாங்க ஏடுகள் எழுதுவதில்லை, புனைகதையே எழுதும்.

நம்மிடத்தும் அத்தகைய முயற்சி இல்லாமற் போகவில்லை. ஒல்லாந்தர் காலத்து ஊர்காவற்றுறையைக் களமாக்கிச் செங்கை ஆழியான் 'கடற்கோட்டை' என்னும் நாவலைத் தந்தார். ஆயினும் எழுதப்படாத வீடுகள் இன்னும் பல. அவற்றை எழுதப் புகுவோன் முதலில் அறியவேண்டிய மனிதர் ஒருவர் உளர். அவர் நம்மவரல்லர், நம்மை ஆண்டோருடன் வந்தவர். ஒல்லாந்தப் பாதிரியாராகிய பிலிப்பு பல்தேயஸ் என்பவரே அவர். அவர் வரலாற்றையே அம்மாணவனுக்குச் சொன்னேன்.

பல்தேயஸ் 1632-ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்து டெல்ப் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பின்னர் குரோனிங்கன், லெய்டன் ஆகிய நகரங்களிற் சமயக் கல்வி கற்று, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பாதிரியாராகிப் பத்தாவியா வழியாக இலங்கை சேர்ந்தார். 1658-இல் றைக்லொவ் வான் கூன்ஸ் என்னும் தளபதியின் படையுடன் யாழ்ப்பாணம் வந்தார். அவ்வாண்டு ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே நீர் நடுவே நிற்கும் போர்த்துக்கேயர் கோட்டை குடிநீர் முட்டுப்பட்டுப் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்திற்கு மேற்பட்ட முற்றுகையின் பின் யூன் மாதத்தில் வீழ்ந்தது.

வென்றவர்கள் பெயர் சூட்டத் தொடங்கினர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையை ஒத்தது என்று கண்ட அவர்கள், அத்தொடையின் குதிக்காலெனப் பொருள்படக் கடற்கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவோ டெல்ப் ஆயிற்று. பல்தேயஸ் பிறந்த ஊரும் அவர் கற்ற ஊரும் இங்ஙனம் நம் கடலிலே தீவுகளாயின.

யாழ்ப்பாணத்திலே சமயத்தையும் பாடசாலைகளையும் சீரமைக்கும் பணி இவருக்கு வாய்த்தது. போர்த்துக்கேயர் கட்டிய கத்தோலிக்க ஆலயங்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்துக் கோயில்களாயின, அவையே பாடசாலைகளுமாயின. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று 1658-இலேயே கட்டளை பிறந்தது. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் பெரியோரின் திருமணமும் தோம்பிலே பதியப்பட்டன. பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பாத வீட்டார் தண்டம் இறுத்தனர். தோம்பிற் பெயர் இல்லாதவனுக்கு உத்தியோகமும் இல்லை. முதுசொத்துரிமையிலும் இடர் நேர்ந்தது. ஆகவே சைவக் குடும்பத்தினர் தோம்பிலே ஒரு பெயரும் வீட்டிலே வேறொரு பெயருமாக வாழ்ந்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சி, வீட்டு இறப்பிலே செருகி மறைத்தனர் என்பது நம் முதியோர் வழிவழி கூறிவந்த செய்தி.

இத்துணையும் கேட்ட மாணவன் முகம் சிவந்தான். அத்தகையவரின் வரலாற்றை நாம் ஏன் படித்தல் வேண்டும் என்று கேட்டான். அதற்கு விடையாக, பல்தேயஸ் மொழியைப் பற்றிக் கொண்டிருந்த கொள்கையைச் சொன்னேன்.

ஆளப்படுவோர் ஆள்வோரின் மொழியையே கற்கவேண்டும் என்பது வான் கூன்ஸ் கருத்து. பல்தேயஸ் இதற்கு உடன்பட்டிலர். ஓர் இனம் முழுவதும் தன் ஆசிரியனுக்காக அவன் மொழியைக் கற்பதினும், ஆசிரியன் ஒருவன் அவ்வினத்தின் மொழியைக் கற்பதே எளிதும் தக்கதும் ஆகும் என்று அவர் கருதினார். போர்த்துக்கேய மொழியை நன்கறிந்த அவர் தமிழையும் முயன்று பயின்றார். கொரியாவிற் பிற்காலத்து ஆட்சியாளர் கொண்ட கொள்கை இதற்கு நேர்மாறானது என்பதை மாணவன் தானே உணர்ந்தான்.

ஏறத்தாழ எட்டாண்டுகள் இந்நாட்டிலே பணிபுரிந்தபின் பல்தேயஸ் தாயகம் மீண்டார். மலையாளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672-இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதிலே தமிழெழுத்துக்களும் இலக்கணக் குறிப்புக்களும் இடம்பெற்றன. ஐரோப்பிய அச்சிலே தமிழைக் காட்டிய பழைய நூல்களுள் அதுவும் ஒன்று. இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றிற் பெரும்பகுதி, பெனீசியோ என்னும் இயேசு சபைக் குருவின் கையெழுத்துப் பிரதியினின்றும் எடுத்தாளப்பட்டது எனப் பிற்கால ஆய்வாளர் நிறுவினர். இக்குறையையும் மறைத்தல் ஆகாது. எனினும் யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் கண்டு எழுதிய பகுதிகள் அவருடையனவே. தாம் கணக்கிட்ட கிறித்தவர்களுட் பலர் பெயரளவிலேயே கிறித்தவர் என்பதை அவர் அந்நூலில் ஒப்புக்கொண்டார். நாற்பது வயதளவில் அவர் வாழ்வு முடிந்தது.

போர்த்துக்கேயர் அழித்த நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயம் 1788-இல் மீண்டும் எழுந்தது. அப்பொழுதும் ஆண்டவர் ஒல்லாந்தரே. பல்தேயஸ் பெயரளவு என்று எழுதியதன் பொருளை அவ்வாலயமே விளக்கிற்று. தோம்பு எழுதியவனுக்குத் தெரியாத ஒன்றை நூறாண்டுக்கு மேலாக வீடுகள் காத்து வைத்திருந்தன.

யான் தமிழாசிரியன். மொழியைப் பற்றிய பல்தேயஸின் கொள்கையை மதிக்கிறேன். அம்மொழியை அவர் கற்றது நம் வீட்டாரை மாற்றுதற்பொருட்டே என்பதையும் மறந்தேனல்லேன். இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ள இயலாதவன் அக்காலத்துக் கதையை எழுத இயலாது என்று மாணவனுக்குக் கூறினேன். பாதிரியாரை அரக்கராக்கினாற் கதை எளிதாகும், ஆனால் பொய்யாகும்.

பாதிரியார் தம் கதையைத் தாமே எழுதிச் சென்றார். இறப்பிலே இலையைச் செருகிய தாயின் கதையை எழுதுவார் இல்லை. அடுத்த தவணைக்குள் அதனை எழுதிக் கொணருமாறு மாணவனைப் பணித்துள்ளேன்.