ஃபோகஸ் தப்பியதா, தப்பவிட்டாரா? போர்ட்ரெய்ட் போட்டோவை மாற்றி எழுதி, இலங்கை மலையகத்தில் கண்மூடிய ஜூலியா மார்கரெட் கேமரூன் யார்?

தீபாவளி நேரத்தில் சிவகாசிப் பக்கம் ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்தி, அதைப் பிடித்திருக்கிற குழந்தையை போனில் எடுத்துப் பாருங்கள். கேமரா தடுமாறும். முகத்துக்கு ஃபோகஸ் போகும், அடுத்த நொடி தீப்பொறிக்குத் தாவும், மறுபடி முகத்துக்கு வரும். எது முக்கியம்னு அந்தக் கருவிக்குத் தெரியாது. திரையில் முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டியது நாமதான்.

ஃபோகஸை எங்கே நிறுத்துவது என்பதை எடுக்கிறவர்தான் முடிவு செய்யணும் என்று 160 வருஷத்துக்கு முன்பே அடம்பிடித்த ஒரு பெண் இருந்தார். ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா இருக்கேன்னு ஆச்சரியப்பட வேண்டாம், அது கணவர் வழி வந்த பெயர்.

கல்கத்தா பெண், காபித் தோட்டக் குடும்பம்

1815 ஜூன் 11-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அம்மா பிரெஞ்சு வம்சாவளி. படிப்பு பெரும்பாலும் பிரான்ஸில். உடம்பு சரியில்லாமல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். போட்டோவை அழியாமல் நிலைநிறுத்தும் 'ஹைப்போ' ரசாயனத்தின் குணத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தான். இன்னொருவர் சட்ட வல்லுநர் சார்லஸ் ஹே கேமரூன். தன்னைவிட 20 வயது மூத்த சார்லஸை 1838-ல் கல்கத்தாவில் கல்யாணம் செய்துகொண்டார் ஜூலியா.

இந்த சார்லஸைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1830களில் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரூன் ஆணைக்குழுவில் வருகிற கேமரூன் இவர்தான். மன்னருக்குக் கட்டாய உழைப்பு தரும் ராஜகாரிய முறையை ஒழிக்கச் சொன்னது அந்தக் குழு. பிறகு இவரே அங்கு நிலம் வாங்கிக் காபி போட்டார். குடும்ப வருமானத்தின் பெரும்பகுதி அந்த மலையிலிருந்துதான் வந்தது. 1848-ல் இங்கிலாந்து திரும்பி, 1860-ல் வைட் தீவில் குடியேறியபோது வீட்டுக்கு வைத்த பெயரே டிம்போலா. மலையகத்தின் டிம்புள்ள பகுதித் தோட்டத்தின் ஞாபகம் அது.

48 வயதில் ஒரு பரிசு

1863 டிசம்பர். சார்லஸ் இலங்கையில் இருக்கிறார். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும்னு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நிலக்கரி போடும் அறை இருட்டறை ஆனது. கோழிக்கூடு கண்ணாடி வைத்த ஸ்டூடியோ ஆனது. ஒரே மாசத்தில், 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் படத்தைத் தன் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார்.

அன்றைக்கு ஒரு படம் எடுப்பது என்ன பாடு தெரியுமா? பஞ்சை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் ஊறவைத்தால் கிடைப்பது வெடிபஞ்சு. பெயரைப் பார்த்தாலே சிவகாசிக்காரர்களுக்குப் புரிந்துவிடும், அது வெடிமருந்தேதான். அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம். அயோடைடு உப்பு கலந்த அந்தத் திரவத்தைக் கண்ணாடித் தட்டில் சீராக ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்கணும். காய்ந்தால் போச்சு. வெள்ளி நைட்ரேட் பட்ட கை கறுத்துப்போகும், துணியில் பட்டால் கறை போகாது. பட்டாசு ஆலையில் அலுமினியப் பொடியால் கை வெள்ளியாகிறதே, அதற்கு நேர் எதிர் நிறம். வசதியான வீட்டு அம்மா ஒருவர் கறுத்த விரல்களோடு விருந்தாளிகள் முன்னால் வந்து நிற்பதை அந்தக் கால இங்கிலாந்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மங்கல் எங்கிருந்து வந்தது?

ஜூலியாவின் படங்களில் கண் தெளிவாக இருக்கும், காது கரைந்திருக்கும். சில படங்களில் எதுவுமே கூர்மையாக இருக்காது. இதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது.

முதல் காரணம் லென்ஸ். அவரிடம் முதலில் இருந்தது பிரான்ஸின் ஜாமின் லென்ஸ். 1840-ல் வியன்னாவின் ஜோசப் பெட்ஸ்வால் வகுத்த அமைப்பில் செய்தது. 12 அங்குலக் குவியத் தூரம், திறப்பு சுமார் எஃப் 3.6. வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும், ஆனால் நடுவில் மட்டும்தான் கூர்மை, ஓரம் போகப்போகக் குழையும். இத்தனை நீளக் குவியத் தூரமும் அகலத் திறப்பும் உள்ள லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தெளிவாக விழும் ஆழம் சில விரற்கடைதான். கண்ணுக்கு வைத்தால் காதுக்கு இல்லை.

இரண்டாவது, நேரம். போதிய வெளிச்சம் இல்லாத அறையில் ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் ஆகும். அத்தனை நேரம் யாரால் அசையாமல் இருக்க முடியும்? மூச்சு விட்டாலே தலை ஆடும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்து இறுக்கிப் பிடிப்பார்கள். இவர் படங்களில் அந்த விறைப்பே இல்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியம், அது அவருடைய கண். பின்னால் உள்ள கண்ணாடித் திரையைப் பார்த்து ஃபோகஸ் திருகைத் திருப்பிக்கொண்டே வரும்போது, முழுக் கூர்மை வருவதற்கு முன்பே ஓர் இடத்தில் முகம் அழகாகத் தெரியும். எல்லாரும் அதைத் தாண்டித் திருகுவார்கள். இவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

சங்கத்துக்காரர்கள் விட்டுவைப்பார்களா? லண்டன் புகைப்படச் சங்கத்தின் இதழ் கடுமையாகத் தாக்கியது. ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோலும் ஒரு போட்டோகிராபர்தான், அவருக்கும் இந்த மங்கல் பிடிக்கவில்லை. தட்டில் கீறல், தூசி, கைரேகை எல்லாம் அப்படியே இருந்தது இன்னொரு குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருந்ததுன்னே தோணுது, சில கீறல்கள் வெறும் அவசரம்தான். ஆனால் 1865-லேயே இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. 1868-ல் ஸ்டூடியோ வைத்துக்கொள்ள இரண்டு அறைகளையும் தந்தது.

1866-ல் பெரிய கேமராவுக்கு மாறினார். தட்டு 15-க்கு 12 அங்குலம், லென்ஸ் டால்மேயர் நிறுவனத்தின் 30 அங்குல லென்ஸ், திறப்பு எஃப் 8. போனில் எஃப் 8 என்றால் எல்லாமே தெளிவாகுமேன்னு நினைப்போம். 30-ஐ எட்டால் வகுத்தால், திறப்பின் விட்டமே மூணே முக்கால் அங்குலம்! மங்கல் எங்கே போகும்? அச்சில் தலை கிட்டத்தட்ட நிஜ அளவுக்கு வந்தது. 1867-ல் எடுத்த ஹெர்ஷல் படத்தைத் தேடிப் பாருங்கள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கிழவரின் முகம், பறக்கும் வெள்ளை முடி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் விழும் வெளிச்சம். முடி பஞ்சாக நிற்பதற்காகத் தலைக்குக் குளிக்க வைத்தார் என்று சொல்வதுண்டு. கவிஞர் டென்னிசன், டார்வின், கார்லைல் எல்லாரும் இவர் முன்னால் உட்கார்ந்தார்கள். வர்ஜீனியா உல்ஃபின் அம்மா ஜூலியா ஜாக்சன் இவருடைய தங்கை மகள்தான். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பல படங்களில் மாதாவாக இருந்தார், அவர் பெயரும் வரலாற்றில் நின்றுவிட்டது.

சிலோன் படங்களில் பெயர் இல்லை

1869-லிருந்து இலங்கைக் காபிச் செடிகளை இலைத்துரு நோய் தின்ன ஆரம்பித்தது. கடன் ஏறியது. மகன்களும் அங்கேதான். 1875-ல் ஜூலியாவும் சார்லஸும் கப்பல் ஏறிவிட்டார்கள். கடற்கரையில் களுத்துறையிலும், மலையில் தோட்டத்திலுமாக வாழ்ந்தார்கள்.

அங்கேயும் படம் எடுத்தார், ஆனால் குறைவு. ஈதர் வெக்கையில் சீக்கிரம் ஆவியாகும், தட்டு காயும், ரசாயனம் கப்பலில் வரணும். இன்று அறியப்படுகிற சிலோன் படங்கள் 30-க்கும் குறைவு. 1877-ல் வந்த ஓவியர் மரியான் நார்த்தின் படங்களும் அதில் உண்டு. மற்றவற்றில் பல, உள்ளூர் ஆட்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும்.

அந்தத் தொழிலாளர்கள் யார்? மதுரை, திருநெல்வேலி, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்து, தோணியில் மன்னாருக்குப் போய், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை ராமநாதபுரத்தோடு இருந்த பகுதி. அந்தப் படங்களில் நிற்பவர்கள் நம்ம ஊர்க்காரர்களாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கண்டுபிடிக்க வழியில்லை. பெயர் எழுதப்படவில்லை.

இங்கிலாந்துப் படங்களில் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கும். சிலோன் படங்கள் பலவற்றில் கேமரா தள்ளி நிற்கிறது. உடை, பானை, தூண், ஆள் எல்லாம் சேர்ந்து தெரிகிறது. விளக்குக்காக முகத்தோடு அத்தனை நெருங்கிய அதே கை, டிம்போலா வீட்டுக்குக் காசு வந்த உழைப்பாளிகளிடம் ஏன் அவ்வளவு நெருங்கவில்லை? வெயில், மொழி, வயசு என்று காரணம் சொல்லலாம். பெயரை எழுதாததற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

1879 ஜனவரி 26-ம் தேதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த வருஷம் சார்லஸும் போய்விட்டார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கல்லறை. சுற்றிலும் இப்போது தேயிலை.