செவெரோ ஒச்சோவா: நாடு பெயர்ந்து உயிரின் மொழியைத் தேடியவர்

ஸ்பெயின் நாட்டின் வடகரையில், அஸ்தூரியாஸ் மாநிலத்தில், லுவார்க்கா என்னும் சிறிய மீன்பிடித் துறைமுகம் ஒன்றுண்டு. 1905ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24ஆம் நாள் அவ்வூரிற் பிறந்த செவெரோ ஒச்சோவா, 1959இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றபோது அமெரிக்கக் குடிமகனாக இருந்தார். பிறப்புக்கும் பரிசுக்கும் இடையே நான்கு நாடுகளில், ஒன்பது நகரங்களில் அவர் ஆய்வுப் பணி செய்திருந்தார். உயிரின் பரம்பரைச் செய்தி எவ்வாறு புரதமாக உருப்பெறுகின்றது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு விடை கண்ட வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. நாடு பெயர்ந்தவரின் அறிவு பிறந்த மண்ணுக்கு எந்த வழியால் திரும்பும் என்ற கேள்விக்கும் அவருடைய வாழ்க்கையில் ஒரு விடை கிடைக்கின்றது. அதன் பொருட்டே இங்கு அவரை நினைவுகூருகின்றோம்.

தந்தையார் சட்டம் பயின்றவர்; வணிகத்திலும் ஈடுபட்டவர். செவெரோவுக்கு ஏழு வயதாகும்போது அவர் காலமானார். தாயார் பிள்ளைகளுடன் தெற்கே மாலகா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு இரசாயனம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் சிறுவனின் மனத்தில் விஞ்ஞான ஆர்வத்தை விதைத்தார். அக்காலத்து ஸ்பெயினில் விஞ்ஞானம் என்றதும் எவரும் உச்சரித்த பெயர் ரமோன் இ கஹால் என்பதாகும். நரம்புக் கலங்களின் அமைப்பை ஆராய்ந்து 1906இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவரிடம் பயிலும் ஆவலுடன் ஒச்சோவா மட்ரிட் மருத்துவ பீடத்தை அடைந்தபோது, கஹால் ஓய்வு பெற்றுவிட்டார். உடற்றொழிலியல் பேராசிரியர் உவான் நெக்ரினின் ஆய்வுகூடமே அவருக்குப் புகலாயிற்று.

1929இல் மருத்துவப் பட்டம் பெற்றதும் ஒச்சோவா ஜேர்மனிக்குச் சென்றார். பேர்லினிலும் பின்னர் ஹைடல்பேர்க்கிலும் ஒற்றோ மயர்ஹோவ் என்னும் பேரறிஞரின் கீழ்ப் பணியாற்றினார். தசை எவ்வாறு சக்தியைப் பெறுகின்றது என்பதே அங்கு ஆராயப்பட்ட பொருள். உயிர்க்கலத்தில் நடைபெறும் ஒவ்வொரு இரசாயன மாற்றத்தையும் ஒவ்வொரு நொதியம் நடத்துகின்றது; அந்த நொதியத்தைத் தனியே பிரித்தெடுத்தாற் கலத்துக்கு வெளியே, கண்ணாடிக் குழாயிலும் அம்மாற்றத்தை நிகழ்த்தலாம். இந்தப் பாடமே அவருடைய வாழ்நாள் முதலீடாயிற்று. 1931இல் கார்மென் கார்சியா கோபியானை மணந்தார். இலண்டனிற் சில காலம் ஆய்வு செய்தபின் மட்ரிட்டுக்குத் திரும்பி, புதிதாக எழுந்த மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்றில் உடற்றொழிலியற் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது.

1936 யூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. மட்ரிட் நகரம் போர்க்களமாகிக் கொண்டிருந்த வேளையில் ஆய்வுகூடத்தில் எதுவும் செய்ய இயலவில்லை. செப்ரெம்பரில் கணவனும் மனைவியும் நாட்டை விட்டுப் புறப்பட்டனர். வெளியேற உதவியவர் பழைய ஆசிரியர் நெக்ரின். அவர் பின்னர் ஸ்பானியக் குடியரசின் பிரதமராகி, போரிற் குடியரசு தோற்றதன் பின் புலம்பெயர்ந்து, 1956இல் பாரிஸ் நகரில் மறைந்தார். ஒச்சோவாவை அரசியல் ஏதிலி என்று கூறுவது முழுக்கப் பொருந்தாது. அவர் எந்த அணிக்காகவும் களத்தில் நின்றவரல்லர். தம்மைத் தேடி எவரும் வந்ததாலும் ஓடவில்லை. ஆய்வு செய்ய ஓரிடம் வேண்டும் என்பதற்காக வெளியேறினார். ஆயினும் போர் விரட்டிய மனிதருக்கும் போரினால் வேலையிழந்த மனிதருக்கும் எல்லைச் சாவடியில் வேறுபாடு காட்டப்படுவதில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

அவர் மீண்டும் ஹைடல்பேர்க்கை அடைந்தார். அங்கோ மயர்ஹோவ் யூதர் என்பதால் நாசி ஆட்சியின் நெருக்குதலுக்கு உள்ளாகியிருந்தார். அந்நிலையிலும் தம் மாணவருக்கு இங்கிலாந்தின் பிளிமத் கடல் உயிரியல் ஆய்வுகூடத்தில் ஆறு மாதக் கொடையொன்றுக்கு அவர் வழி செய்தார். அங்கு கார்மெனும் ஆய்வுகூடத்திற் கணவருக்குத் துணையாக வேலை செய்தார். மயர்ஹோவ் 1938இல் பாரிசுக்குத் தப்பினார்; 1940இல் ஸ்பெயின் வழியாகவே அமெரிக்காவை அடைந்தார். மாணவர் விட்டு வெளியேறிய நாடு ஆசிரியருக்குத் தப்பும் பாதையாயிற்று.

பிளிமத்திலிருந்து ஒக்ஸ்போர்ட். அங்கு பி1 விற்றமின் உடலில் எவ்வாறு பயன்படுகின்றது என்ற ஆய்வு நன்றாக நடந்தது. ஆனால் உலகப்போர் தொடங்கியதும் ஆய்வுகூடம் போர்ப்பணிகளுக்கு மாற்றப்பட்டது. அந்நிய நாட்டவரான ஒச்சோவாவுக்கு அதில் இடமில்லை. மீண்டும் மூட்டையைக் கட்டினார். அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் கார்ல், கேர்ட்டி கோரி தம்பதியரின் ஆய்வுகூடத்திற் சிறிது காலம் இருந்தார். 1942இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது அவர் முப்பத்தாறு வயதைக் கடந்த, சொந்த ஆய்வுகூடம் இல்லாத ஓர் ஆய்வாளர் மட்டுமே. அதே பல்கலைக்கழகத்தில் 1954இல் உயிர் இரசாயனவியற் பிரிவின் தலைவரானார். 1956இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

அவருடைய பெருங் கண்டுபிடிப்பை விளங்கிக்கொள்ளச் சில அடிப்படைகளை இங்கு சொல்லவேண்டும். உயிர்க்கலத்தின் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ என்னும் நீண்ட இரட்டை இழையில் உள்ளது. அதன் அமைப்பை 1953இல் வற்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். அடெனின், குவானின், சைற்றோசின், தைமின் என்ற நான்கு பொருள்களே அச்செய்தியின் எழுத்துக்கள். கலத்தின் வேலைகளைச் செய்பவையோ புரதங்கள். இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலைகளே புரதங்களாகும். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற ஒழுங்கே ஒரு புரதத்தின் இயல்பைத் தீர்மானிக்கின்றது.

நம் முன்னோர் சுவடிகளைப் பேணிய முறையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். மூல ஏட்டைப் பேழையை விட்டு வெளியே எடுப்பதில்லை. வேண்டிய பகுதியை மட்டும் படியெடுத்து வாசிப்போர் கையிற் கொடுப்பர். டி.என்.ஏ மூல ஏடு. அதிலிருந்து எடுக்கப்படும் படி ஆர்.என்.ஏ. அதில் தைமின் இருக்கவேண்டிய இடத்தில் யுரசில் நிற்கும். அந்தப் படியை ரைபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்கூடம் வாசிக்க, வாசித்த ஒழுங்கில் அமினோ அமிலங்கள் ஒன்றுடன் ஒன்று இணைந்து புரதமாகின்றன. எழுத்துக்கள் நான்கு, அமினோ அமிலங்கள் இருபது. ஈரெழுத்துச் சொற்கள் பதினாறு மட்டுமே அமையும், அவை போதா. மூவெழுத்துச் சொற்களாயின் அறுபத்துநான்கு அமையும். எனவே உயிரின் மொழி மூவெழுத்துச் சொற்களால் ஆனது என்று ஊகிக்கப்பட்டது. ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்பது 1960 வரை எவருக்கும் தெரியாது.

1955இல் ஒச்சோவாவின் ஆய்வுகூடத்தில் மரியான் குறுன்பேர்க் மனாகோ என்ற பெண் விஞ்ஞானி பணியாற்றினார். 1921இல் பெற்றோகிராட் நகரிற் பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தவர் அவர். மண்ணில் வாழும் பக்ரீறியா ஒன்றிற் பொசுபேற்றின் செயற்பாடுகளை ஆராய்ந்து கொண்டிருக்கையில், அவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். அந்தப் பக்ரீறியாவிலிருந்து பெற்ற ஒரு நொதியம், ஆர்.என்.ஏயின் எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்கியது. ஒச்சோவா முதலில் நம்பத் தயங்கினார். சோதனைகள் ஐயத்தைப் போக்கின. உயிர்க்கலத்துக்கு வெளியே, சோதனைக் குழாயில், ஆர்.என்.ஏ போன்ற பொருள் முதன்முறையாக ஆக்கப்பட்டது.

1959ஆம் ஆண்டின் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. டி.என்.ஏயை ஆக்கும் நொதியத்தைக் கண்ட ஆர்தர் கோர்ன்பேர்க்குடன் ஒச்சோவா அதைப் பகிர்ந்துகொண்டார். கோர்ன்பேர்க் 1946இல் நொதியக் கலையைப் பயில ஒச்சோவாவிடம் வந்திருந்தவர். கண்டுபிடிப்பின் முதற் கண்ணாக இருந்த குறுன்பேர்க் மனாகோவின் பெயர் பரிசில் இடம்பெறவில்லை. பின்னாளில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் தலைமைப் பதவியை வகித்த முதற் பெண்மணியாக அவர் விளங்கினார். 2013இல் காலமானார்.

வேறொரு உண்மையையும் மறைத்தலாகாது. கலத்துக்குள் ஆர்.என்.ஏயைப் படியெடுப்பது இந்த நொதியமன்று. மூல ஏட்டைப் பாராமலே கிடைத்த எழுத்துக்களைக் கோப்பது அதன் இயல்பு. கலத்துக்குள் அதன் முதன்மையான வேலை பழைய ஆர்.என்.ஏயைச் சிதைப்பதாகும். டி.என்.ஏயைப் பார்த்து ஆர்.என்.ஏயைப் படியெடுக்கும் நொதியத்தைச் சில ஆண்டுகளின் பின் வேறு விஞ்ஞானிகள் கண்டனர். இதனாற் பரிசு பொருத்தமற்றது என்று கூறலாமா? கூறமுடியாது என்பதே எமது கருத்து. மூல ஏட்டைப் பாராமற் கோக்கும் அந்தக் குறையே பெரும் பயனாயிற்று. விஞ்ஞானி எந்த எழுத்துக்களைக் கொடுக்கிறாரோ அவற்றை மட்டும் கொண்ட ஆர்.என்.ஏ கிடைக்கும். முன்பு ஏட்டில் உள்ளதை வாசிக்க முயன்றவர்கள், இப்போது தாமே எழுதிக் கொடுத்துக் கலத்தின் கருவிகளை வாசிக்கச் செய்யலாம்.

அவ்வாறு முதலிற் செய்தவர் ஒச்சோவா அல்லர். அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் மார்ஷல் நிரன்பேர்க்கும் ஹைன்றிக் மத்தாயும் 1961 மே மாதத்தில், யுரசிலை மட்டும் கோத்த ஆர்.என்.ஏயைப் பக்ரீறியாவின் சாற்றுடன் சேர்த்தனர். பீனைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தால் ஆன புரதச் சங்கிலி உருவாயிற்று. மூன்று யுரசில் சேர்ந்த சொல்லின் பொருள் தெரிந்துவிட்டது. அந்த ஆர்.என்.ஏயை ஆக்கியது ஒச்சோவாவின் ஆய்வுகூடம் கண்ட அதே நொதியம். அவ்வாண்டு ஓகஸ்டில் மொஸ்கோவில் நடந்த உயிர் இரசாயனவியல் மாநாட்டில் நிரன்பேர்க் இதனை அறிவித்தார். ஒச்சோவாவின் குழுவினரும் அதே பாதையிற் சென்று கொண்டிருந்தனர். பின் இரு ஆய்வுகூடங்களும் போட்டியிட்டுச் சொற்களைத் தேடின. 1966 அளவில் அறுபத்துநான்கு சொற்களும் தெரிந்தன: அறுபத்தொன்று அமினோ அமிலங்களைக் குறிப்பன, மூன்று முற்றுப்புள்ளிகள். இதற்காக 1968இல் நிரன்பேர்க், கொரானா, ஹொலி ஆகிய மூவரும் பரிசு பெற்றனர்.

ஒச்சோவாவின் பங்களிப்பு அத்துடன் முடியவில்லை. ஏட்டை எந்த முனையிலிருந்து வாசிப்பது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1965இல் அவருடைய குழுவினர், வரிசையாக அடெனின் நின்று கடைசியில் ஒரு சைற்றோசின் நிற்கும் ஆர்.என்.ஏயைப் பயன்படுத்தினர். மூன்று அடெனின் சேர்ந்தால் லைசின். கடைசி மூவெழுத்தின் பொருள் அஸ்பரஜின். புரதத்தின் இறுதி மணியாக அஸ்பரஜின் வந்து சேர்ந்தது. சைற்றோசின் நிற்கும் முனையே கடைசியாக வாசிக்கப்படுகின்றது என்பது தெளிவாயிற்று.

இச்சோதனையில் முன்னின்றவர் மார்கரீற்றா சலாஸ் என்ற இளம் பெண். லுவார்க்காவுக்கு அண்மையில் 1938இற் பிறந்தவர். 1964இல் கணவர் எலாடியோ வின்யுவேலாவுடன் நியூயோர்க் வந்து ஒச்சோவாவிடம் பயின்றார். 1967இல் இருவரும் ஸ்பெயினுக்குத் திரும்பினர். பிராங்கோவின் ஆட்சி நிலவிய அந்நாட்டில் மூலக்கூற்று உயிரியல் என்ற துறையே அப்போது வேரூன்றியிருக்கவில்லை. அதை ஊன்றியவர்களுள் அவர்கள் முதன்மையானவர்கள். சிறியதொரு வைரசிலிருந்து சலாஸ் பிரித்தெடுத்த நொதியம், மிகச் சிறிய டி.என்.ஏத் துணுக்கையும் பல மடங்காகப் பெருக்கவல்லது. ஸ்பெயினின் அரச ஆய்வு மன்றத்துக்கு மிகுந்த வருவாயை ஈட்டித் தந்தது. சலாஸ் 2019இல் மறைந்தார். ஒச்சோவாவின் பெயர் தாங்கிய மூலக்கூற்று உயிரியல் நிலையம் 1975இல் மட்ரிட்டில் எழுந்தது.

ஒச்சோவா 1985இல் ஸ்பெயினுக்கே திரும்பினார். மறு ஆண்டு கார்மென் காலமானார். பிள்ளைகள் இல்லாத அத்தம்பதியர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அந்த இழப்பின் பின் அவர் ஆய்வெதனையும் தொடரவில்லை. 1993 நவம்பர் முதலாம் நாள், தம் எண்பத்தெட்டாம் வயதில், மட்ரிட்டில் உயிர் நீத்தார். கடலைப் பார்த்து நிற்கும் லுவார்க்கா மயானத்தில் மனைவிக்கருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் திரும்பியபோது வயது எண்பதை எட்டியிருந்தது. அவர் கையாற் செய்யக்கூடிய ஆய்வு அதிகம் எஞ்சியிருக்கவில்லை. ஆயின் அவருடைய அறிவு பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, இரு மாணவர்களின் வடிவில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேறிய நம்மவருட் பலர், தாம் திரும்பும் நாளை எண்ணியே கற்பித்தலை ஒத்திவைத்து வாழ்வதை நாம் காண்கின்றோம். மாணவரைத் தேடிக்கொள்வதற்கு அந்த நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஒச்சோவாவின் ஆய்வுகூடம் காட்டிச் சென்றிருக்கின்றது.