திண்டிவனத்தில் ஒரு இராத்திரி

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒரு சகோதரர், பெல்ட்டுக்குக் கீழே கொட்டுற மண்ணைத் தினமும் அள்ளுறதுல என்ன ஊழியம் இருக்கு பாஸ்டர் என்று என்னிடம் கேட்டார். நான் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அவர், மிஷனெரியாக ஆசைப்பட்டவரே இல்லை. 1890-ல் சுகமில்லாத தாயாரைக் கவனிக்கத்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். நம்ம பக்கத்துத் திண்டிவனம்தான். அங்கே ஒரே இராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராய், வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. தகப்பனார் டாக்டர்தான், ஆனா ஆண் டாக்டரை உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் மரித்த செய்தி வந்தது.

அந்தப் பாரம்தான் அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-ல் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். புண் கழுவுறது, கட்டுப் போடுறது, சாலையோரம் மரத்தடியில் மருந்து கொடுக்கிறது என்று வருஷக்கணக்காய் அதே வேலை. வந்த ஒவ்வொரு பெண்ணிலும் அந்த மூவரைக் கண்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். 1960-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சகோதரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ராத்திரி பிரசவ வார்டில் எரியுற லைட்டு நம்ம கரண்டுதானே பாஸ்டர் என்று கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.