கொம்பிசைக் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன்

பித்தளை வாத்தியங்களுள் ஊதுவோரை மிகவும் சோதிப்பது ஹார்ன் எனப்படும் சுருள் கொம்பு. ஏறக்குறைய 12 அடி நீளக் குழலைச் சுருட்டிச் செய்யப்பட்ட இக்கருவியில் மேல் ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால், உதடு மயிரிழை பிசகினாலும் வேறு ஸ்வரம் வெடித்துவிடும். அதனைப் பாடகரின் குரல்போல் இழையச் செய்தவர் டென்னிஸ் பிரெய்ன்.

1921 மே 17இல் இலண்டனில் பிறந்தார். பாட்டனார், பெரியப்பா, தந்தை ஆப்ரி அனைவரும் கொம்பூதிகளே. ராயல் அகாடமியில் தந்தையிடமே பயின்றார்; ஆர்கனும் கற்றார். போர்க்காலத்தில் விமானப்படை பேண்டு குழுவில் பணியாற்றினார்.

தந்தையும் மகனும் கைக்கொண்டது பிரெஞ்சுப் பாணிக் கொம்பு. அதன் துளை குறுகியது. நாதம் மெல்லியது, தெளிந்தது. ஆனால் பிழை நேர்ந்தால் மறைக்க இடமில்லை. ஜெர்மானியக் கொம்போ அகன்றது. முழக்கம் பெரிது, ஊதுவோருக்கு அச்சமும் குறைவு. ஆப்ரி அதை அடியோடு வெறுத்தார். மகனோ 1951இல் ஜெர்மானிய அலெக்சாண்டர் கொம்புக்கு மாறினார். பழைய நாதத்தை நேசித்தோர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டென்றே கருதுகிறேன். ஆயினும் 1953இல் கராயன் நடத்த, பில்ஹார்மோனியா குழுவுடன் அவர் பதிவுசெய்த மோட்சார்ட்டின் 4 கொம்புக் கான்செர்ட்டோக்களைக் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்திலும் பலத்தைக் காட்டவில்லை. விரைவான பகுதிகளிலும் விரலின் சாமர்த்தியம் முன்னே வந்து நிற்பதில்லை; நல்ல பாடகர் மூச்செடுக்கும் இடத்தில்தான் அவரும் மூச்செடுக்கிறார்.

1943இல் பெஞ்சமின் பிரிட்டன், பாடகர் பீட்டர் பியர்ஸுக்கும் இவருக்குமாக செரினேட் என்ற படைப்பை இயற்றினார். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் கொம்பு தனித்து ஒலிக்கும். அங்கே வால்வுகளுக்கு வேலையே இல்லை. உதடும் மூச்சும் மட்டுமே. 1956இல் இலண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் நடந்த நகைச்சுவைக் கச்சேரியில் தோட்டத்து ரப்பர் குழாயையே ஊதி அரங்கைச் சிரிக்க வைத்தாரே, அதற்கும் அந்த உதடும் மூச்சும்தான் முதல்!

இசைக்கு அடுத்தபடி அவருக்கு மோட்டார் கார் மீது தீராத மோகம். 1957 ஆகஸ்டு இறுதியில் எடின்பரோ விழாவில் வாசித்துவிட்டு, இரவோடிரவாகத் தாமே காரோட்டி இலண்டன் திரும்பினார். செப்டம்பர் 1 அதிகாலை, ஹாட்பீல்டு அருகே கார் மரத்தில் மோதியது. வயது 36தான். பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் அவர் நினைவாகக் கொம்புக்கும் பியானோவுக்கும் ஓர் இரங்கல் இசை இயற்றினார். விபத்தில் நசுங்கிய அலெக்சாண்டர் கொம்பு செப்பனிடப்பட்டு, அவர் பயின்ற ராயல் அகாடமியிலேயே சேர்க்கப்பட்டது.