விதைத்தவர் காணாத அறுவடை

ஆபிரிக்காவின் சாம்பெசி ஆறு ஏறத்தாழ 1,700 மீற்றர் அகலத்துக்கு விரிந்து, 100 மீற்றருக்கும் அதிக ஆழமான பாறைப் பிளவினுள் பேரிரைச்சலுடன் வீழ்கின்றது. மேலெழும் நீர்த்திவலைகள் தொலைவிலிருந்தே புகைமண்டலம்போல் தோன்றும். ஆதலால், முழங்கும் புகை எனப் பொருள்படும் மோசி-ஓ-துன்யா என்னும் பெயரால் அவ்விடத்து மக்கள் அதனை அழைத்தனர். 1855 நவம்பர் 16ஆம் திகதி கொலோலோ மக்கள் ஓடத்தில் அழைத்துச் சென்று காட்ட, அதனைக் கண்டு வியந்து நின்றவர் டேவிட் லிவிங்ஸ்டன். தம் நாட்டு அரசி விக்டோரியாவின் பெயரை அவர் அதற்குச் சூட்டினார்.

1813இல் ஸ்கொட்லாந்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், பத்து வயதிலேயே பருத்தி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரத்தின் மீது புத்தகத்தை விரித்துவைத்து, உழைத்தவாறே கற்றார். மருத்துவராகி, 1841இல் லண்டன் மிஷனரிச் சங்கத்தின் மறைபரப்பாளராக ஆபிரிக்காவை அடைந்தார்.

நீர்வீழ்ச்சியின் விளிம்பிலுள்ள சிறு தீவில் அவர் பழ விதைகளையும் கோப்பி விதைகளையும் நட்டார். 1860இல் திரும்பி வந்தபோது, நீர்யானைகள் அத்தோட்டத்தை அழித்திருக்கக் கண்டார். அவரது வாழ்வும் அவ்வாறே பயனற்றதாகத் தோன்றிய காலம் ஒன்று உண்டு. 1862இல் அன்பு மனைவி மேரியை அதே ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார். மறு ஆண்டு, அவரது ஆய்வுப் பயணம் தோல்வியெனக் கருதிய அரசு அவரைத் திருப்பி அழைத்தது.

ஆயினும், சங்கிலியால் பிணைக்கப்பட்டு அடிமைச் சந்தைக்கு இழுத்துச் செல்லப்பட்ட மாந்தரை அவரால் மறக்க இயலவில்லை. மீண்டும் ஆபிரிக்கா சென்று, நோயுற்ற நிலையிலும் அக்கொடுமையை உலகறிய எழுதினார். 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவிலுள்ள ஒரு கிராமத்தில், கட்டிலருகே முழந்தாளிட்டவாறே உயிர் துறந்திருந்தார். ஏறக்குறைய ஐந்து வாரங்களின் பின், ஜூன் 5ஆம் திகதி, பிரித்தானியாவின் வற்புறுத்தலினால் சான்சிபார் சுல்தான் அடிமைச் சந்தையை மூட உடன்பட்டார். அச்செய்தியை லிவிங்ஸ்டன் அறியவேயில்லை.

சூசி, சூமா முதலிய ஆபிரிக்கத் தோழர்கள் அவரது இதயத்தை அம்மண்ணிலேயே புதைத்து, உடலை 1,500 கிலோமீற்றருக்கும் அதிகமாகச் சுமந்து கடற்கரைக்குக் கொணர்ந்தனர். பகமோயோவில் தூய ஆவி சபையின் கத்தோலிக்கக் குருக்கள் அவ்வுடலை வரவேற்றுத் தங்கள் ஆலயத்தில் வைத்தனர். சபை வேறுபாடு அங்கே தடையாகவில்லை. 1874 ஏப்ரலில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பிள்ளைகளுக்காகவும் அயலவருக்காகவும் நாம் செய்யும் நன்மைகள் வீணாயினவோ என மனம் சோரும் வேளைகள் உண்டு. விதைப்பதே நம் கடமை. விளையச் செய்பவர் இறைவன். அறுவடையைக் காணும் பேறு நமக்குக் கிட்டாவிடினும், நம்பிக்கையோடு விதைப்போம்.