சேலை கட்டின மிஷனெரி அம்மா



நம்ம தருமபுரி பக்கத்திலிருந்து இப்போ எத்தனையோ பிள்ளைகள் வேலைக்கென்று பெங்களூருக்கும், கடல் தாண்டி வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். புறப்படுகிற வாரத்தில் வீட்டில் பெரிய பேச்சு என்ன? துணிதான். எதை எடுத்துக்கிறது, அந்த ஊரில் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்களா, எதைப் போட்டால் ஆளோடு ஆளாகத் தெரிவோம் என்று யோசித்து யோசித்துப் பெட்டி கட்டுகிறோம். நூறு வருஷத்துக்கு முன்னே ஒரு வெள்ளைக்கார அம்மா இதையே வேறே ஒரு பாரத்தோடு யோசித்தார்கள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத்தான் சொல்லுகிறேன்.

1867-ம் வருஷம் டிசம்பர் 16-ம் தேதி, அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். கண் பழுப்பு நிறம். அம்மாவுடையதைப் போல நீலக் கண் வேண்டும் என்று சின்ன வயதில் ராத்திரி முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடியில் ஓடிப்போய்ப் பார்த்தாராம். அதே பழுப்புக் கண். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கண்ணை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருவோம்.

வாலிப வயதில் பெல்பாஸ்ட் பட்டணத்தில் மில் வேலைக்காரப் பெண்கள் நடுவே ஊழியம் செய்தார். அந்தப் பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கக் காசில்லை, தலைமேல் ஒரு சால்வை, அவ்வளவுதான். தொப்பியில்லாமல் சபைக்கு வருகிறார்களே என்று கௌரவமான குடும்பங்களுக்கு முகம் சுளிப்பு. ஏமி என்ன செய்தார்? 1889-ல் அவர்களுக்கென்றே 500 பேர் உட்காரும் தகரக் கூடம் ஒன்று எழும்பக் காரணமாயிருந்தார்.

1893-ல் ஜப்பானுக்குப் போனார். நல்ல குளிர்காலம். சுகவீனமாயிருந்த ஒரு கிழவியைப் பார்க்க, கூட ஒரு ஜப்பானிய சகோதரியோடு போனார். கிழவி ஆவலாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். மனம் திரும்பப் போகிற நேரம், பார்வை ஏமியின் கையில் கிடந்த ரோமக் கையுறைமேல் விழுந்தது. அவ்வளவுதான். இது என்ன, எதில் செய்தது என்று கேள்வி வேறே பக்கம் போய்விட்டது. பேச்சைத் திருப்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏமி தன் சீமை உடுப்பை மடித்து வைத்துவிட்டு, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் கிமோனோவுக்கு மாறினார். குளிருக்குக் கையுறை போட்டது தப்பா என்று கேட்டால் தப்பில்லைதான். ஆனால் ஒரு ஆத்துமாவுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஜோடிக் கையுறை வந்து நின்றதை அவரால் மறக்க முடியவில்லை.

உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பி, 1895 நவம்பரில் இந்தியா வந்தார். முதலில் வேலை நம்ம பக்கத்து பெங்களூரில். மறு வருஷக் கடைசியில் திருநெல்வேலிக்குப் போனார். தாமஸ் வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். பண்டிதர் தமிழ் போதாது, மண் குடிசையில் தமிழ் ஜனங்களோடேயே குடியிருக்கிறேன் என்று நின்றார்; ஐயர்தான் தடுத்தார். ஆனால் சேலையை யாரும் தடுக்க முடியவில்லை. கூட வந்த பொன்னம்மாள் முதலான சகோதரிகளைப் போலவே தானும் சேலை கட்டிக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ப் போனார்.

அந்தக் காலத்தில் துரைமாருக்கும் துரைசானிகளுக்கும் உடுப்பு என்றால் அது அந்தஸ்து. சேலை கட்டின வெள்ளைக்காரியை அவர்களுடைய சொந்த ஜனமே, ஏன், மற்ற மிஷனெரிகளே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இதே காரியத்துக்காகச் சீனாவில் ஹட்சன் டெய்லர் 1855-ல் தலை முன்பக்கம் சிரைத்து, சீனர் சடையும் அங்கியும் தரித்தபோதும் கேலிதான் மிச்சம். இன்னும் முந்தி, 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி சந்நியாசியாய் வாழ்ந்தார். 1623-ல் நம்ம சேலம் பக்கம்கூட வந்திருக்கிறார். ஆனால் அந்தக் காவி, மேல்சாதிக் கதவைத் திறந்ததே தவிர, கீழே தள்ளப்பட்டவர்களோடு அவர் வெளிப்படையாய்ப் பழக முடியாதபடி செய்துவிட்டது. உடுப்பு ஒரு கதவைத் திறக்கும்போதே இன்னொன்றைச் சாத்தவும் கூடும் பாருங்க. ஏமி அம்மாவின் சேலை எனக்கு அதிகம் பிடித்திருக்கிறதற்கு இதுதான் காரணம்.

1901 மார்ச் மாதம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, கோவிலுக்கு விடப்பட்டவள், தப்பி ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறினாள். முன்னே ஒரு தரம் தூத்துக்குடியிலிருந்த பெற்ற தாயிடமே ஓடிப் போயிருந்தாள். தாய் பயந்து திருப்பி அனுப்பினாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு ஏமி அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? இப்படிச் சிறுமிகள் எங்கிருந்து வருகிறார்கள், யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பினார். வெள்ளைத் தோலோடு போனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கையிலும் முகத்திலும் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு, சேலை முக்காட்டோடு போனார். அப்போதுதான் அந்தப் பழுப்புக் கண்ணின் அர்த்தம் தெரிந்தது. தோலுக்குச் சாயம் பூசலாம், நீலக் கண்ணுக்கு எதைப் பூசுவது?

இது வேஷம் போட்டு ஏமாற்றுகிறதல்லவா என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காப்பிச் சாயம் மறைப்புதான், அதை மறுக்க வேண்டாம்; பிள்ளைகளை விற்கிற இடத்தில் உண்மையைத் தெரிந்துகொள்ள அவருக்கு வேறே வழி இருக்கவில்லை. சேலை அப்படியல்ல. அதைக் காரியம் முடிந்ததும் கழற்றி வைக்கவில்லை, வீட்டிலும் வெளியிலும் அதுதான் உடுப்பு. பின்னாளில் சீமையிலிருந்து டோனாவூருக்கு வந்த சகோதரிகளும் சேலைதான் கட்டினார்கள். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது புதுசாயிருக்காது.

1904-க்குள் அந்த வீட்டில் 17 பிள்ளைகள். பிறகு நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பெண்பிள்ளைகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1947-ல். அம்மா அதைக் கண்ணால் காண உயிரோடிருந்தார்கள், ஆனால் படுக்கையில். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது முதல் ஏறக்குறைய 20 வருஷம் அறையே உலகம். இந்தியாவுக்கு வந்த நாள் முதல் 55 வருஷத்தில் ஒரு தரமாவது சொந்த ஊருக்கு லீவில் போனதில்லை.

1951 ஜனவரி 18-ம் தேதி, 83-ம் வயதில் நித்திரையடைந்தார்கள். கல்லறைக் கல் வைக்கக் கூடாதென்று முன்னாலேயே சொல்லியிருந்தபடியால், பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அயர்லாந்துப் பெயர் அதில் இல்லை. அம்மா என்று அர்த்தம் வரும் ஒரே ஒரு சொல்தான் வெட்டியிருக்கிறது.