காற்றுக்குப் பணி தந்த கால்நடை மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மாந்தன் கண்ட கருவிகளுள் சக்கரத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது அரிது. முதலில் மரச் சக்கரம் செய்தான். பின் அதற்கு இரும்புப் பட்டை இட்டான். அதன் பின் கெட்டி ரப்பரைச் சுற்றினான். ஆயினும் ஒரு குறை தீரவில்லை. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் வண்டியில் அமர்ந்தவனின் எலும்பை உலுக்கியது. அக்குறையைப் போக்கி உலகின் ஓட்டத்தையே மாற்றியவர் ஒரு மாட்டு வைத்தியர் என்றால் வியப்பாக இல்லையா? அவர்தாம் ஜான் பாய்ட் டன்லப். டயரின் மேல் வெறும் எழுத்தாக நாம் படித்த அப்பெயருக்குப் பின்னே ஒரு மனித வாழ்வு இருக்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டின் அயர்ஷயர் பகுதியில், டிரெக்ஹார்ன் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் 1840 பிப்ரவரி 5-ஆம் நாள் டன்லப் பிறந்தார். குறைமாதப் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டதால், தம் உடல் நலிவானது என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்று, 19 வயதிலேயே தேர்ச்சி பெற்றார். சில ஆண்டுகள் அங்கே தொழில் பார்த்தபின், 1867-இல் கடல் கடந்து அயர்லாந்தின் டவுன்பாட்ரிக் நகருக்குச் சென்றார். 1871-இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் மங்கையை மணந்தார். பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரின் மே தெருவில் அவர் நடத்திய கால்நடை மருத்துவமனை, அயர்லாந்தின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. உழவர் வீட்டுப் பிள்ளை கல்வியால் ஊரறிந்த மருத்துவரானார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என்னைப் போன்றோர்க்கு இதுவே பெரிய வெற்றியாகத் தோன்றும். டன்லப் அதனோடு நின்றுவிடவில்லை.

1887-ஆம் ஆண்டு. அவருடைய சிறு மகன் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை ஓட்டி வந்தான். சக்கரங்களில் கெட்டி ரப்பர். தெருவிலோ பாவிய கருங்கற்கள். வண்டி உருண்டதைவிடக் குலுங்கியதே மிகுதி. குலுக்கலுக்குப் பலர் பல வழி தேடினர். சிலர் இருக்கைக்குச் சுருள்வில் வைத்தனர். சிலர் சட்டத்தை மாற்றினர். டன்லப்போ சக்கரம் தரையைத் தொடும் இடத்தையே உற்று நோக்கினார். அங்கே கெட்டிப் பொருளுக்குப் பதிலாகக் காற்றை வைத்தால் என்ன என்று எண்ணினார்.

எண்ணியதோடு அமையாமல் சோதித்தும் பார்த்தார். மரவட்டு ஒன்றை எடுத்து, மெல்லிய ரப்பர்த் தாளால் குழாய் செய்து, அதனை வட்டின் விளிம்பில் வைத்துத் துணியால் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அக்குழாயில் காற்றை நிரப்பினார். வீட்டு முற்றத்தில் மகனுடைய வண்டியின் சக்கரத்தை ஒருமுறையும், இந்த மரவட்டினை ஒருமுறையும் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர்ச் சக்கரம் முற்றத்தைக் கடக்குமுன் சோர்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் மறுகோடிவரை ஓடி, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது! அதன் பின்னரே மகனின் வண்டிக்குக் காற்று டயர் ஏறியது. அதே வண்டி, அதே சிறுவன், அதே தெரு. டயர் மட்டுமே வேறு. வண்டியின் இயல்பே மாறிவிட்டது.

இதன் காரணம் நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான். கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது, வண்டியையும் அதன் சுமையையும் அக்கல்லின் உயரத்துக்குத் தூக்க வேண்டியுள்ளது. முன்னோக்கிச் செல்ல வேண்டிய ஆற்றல் அதிர்ச்சியாகச் சிதறிப் போகிறது. காற்று டயரிலோ, அந்தக் கல் டயருக்குள் சிறிது அமுங்குகிறது. வண்டி அவ்வளவாக எழும்புவதில்லை. அழுத்தப்பட்ட காற்று, தான் பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. மென்மையும் விரைவும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணியிருந்த உலகுக்கு, இரண்டும் ஒரே குழாயில் அடங்கும் என்று காட்டியதே டன்லப்பின் அருஞ்செயல்.

1888 டிசம்பர் 7-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு மே 18-ஆம் நாள், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரித் திடலில் மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. பருத்த டயர்களுடன் வந்த வண்டியைக் கண்டு கூட்டம் நகைத்தது. அதனை ஓட்டிய வில்லி ஹியூம், முதல்வரிசை வீரர் என்று பெயர் பெற்றவரும் அல்லர். பந்தயம் முடிந்தபோது வெற்றி அவருடையது, நகைப்பு அடங்கியது.

காற்று டயரிடம் தோற்ற வீரர்களுள் ஹார்வி டு குரோ என்பவரின் மக்களும் இருந்தனர். தோல்வியின் காரணத்தை உணர்ந்த அவர், அதே 1889-இல் டப்ளின் நகரில் டயர் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். டன்லப் பங்குகளைப் பெற்றுக்கொண்டு தம் காப்புரிமையை அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தார். ஆனால் 1890-இல் பேரிடியாக ஒரு செய்தி வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று.

அப்படியானால் புகழ் யாருக்கு உரியது? எண்ணத்தில் முந்தியவர் தாம்சன், இதில் ஐயமில்லை. ஆயின் அவர் காலத்தில் அதனை ஏற்க மிதிவண்டியும் இல்லை, மோட்டார் வண்டியும் இல்லை. குதிரை வண்டிகளில் அதனை ஓட்டிக் காட்டினார், உலகம் மறந்துவிட்டது. டன்லப் அவரை அறியாமலே தம் சொந்த முயற்சியால் மீண்டும் கண்டார்; காலமும் கனிந்திருந்தது. அவருக்குப் பின்னும் பலர் உழைத்தனர். முதல் டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையால், பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடாக இருந்தது. 1890-இல் வெல்ச், பார்ட்லெட் ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட முறைகளால் டயரைக் கழற்றி மாட்ட முடிந்தது. உட்ஸ் என்பவர் அமைத்த வால்வினால் காற்றடிப்பது எளிதாயிற்று. நம் ஊர்ச் சைக்கிள் கடையில் வால்டியூப் கேட்டு வாங்குகிறோமே, அது இந்த வால்வின் மேல் மாட்டுவதுதான்!

1895-இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், மிஷ்லின் உடன்பிறப்புகள் மோட்டார் வண்டியைக் காற்று டயரில் ஓட்டினர். பஞ்சர்கள் பல, வெற்றியும் கிட்டவில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. இன்று காரோடு வந்த டயரைக் கழற்றிவிட்டு, அதனினும் உயர்ந்த டயரை மாட்டுகிறார்களே, அவர்கள் செய்வதும் டன்லப் முற்றத்தில் செய்த சோதனைதான். 1,200 கிலோ எடையுள்ள கார், நான்கு டயர்களில் நிற்கும்போது, ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டை அளவே. முடுக்கமும் திருப்பமும் பிரேக்கும் அந்த நான்கு அட்டைகளை நம்பியே உள்ளன. மென்மையான ரப்பர் நன்றாகப் பற்றும். ஆனால் விரைவில் தேயும். நன்மை ஒன்றைப் பெற வேறொன்றை விலையாகக் கொடுத்தாக வேண்டும். அளவும் சுமைத் திறனும் வண்டிக்குப் பொருந்தாவிடில், விலையுயர்ந்த டயரும் இடரே. ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல், ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

1896-இல் அந்நிறுவனம் 30 இலட்சம் பவுனுக்குக் கைமாறியது. டன்லப்போ அதற்கு முன்பே விலகிவிட்டார். பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை. டப்ளினில் அமைதியாக வாழ்ந்து, 1921 அக்டோபர் 23-இல், தம் 81-ஆம் அகவையில் மறைந்தார். உடல் நலிந்தவர் என்று தம்மை எண்ணியிருந்தவர் எண்பதைக் கடந்து வாழ்ந்தார்!

காப்புரிமை அவரை விட்டுப் போயிற்று. நிறுவனமும் பிறர் கைக்குப் போயிற்று. ஆனால் அந்த முற்றத்துச் சோதனையை எவராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. கருதியதை அப்படியே நம்பாமல், இரண்டு சக்கரங்களை உருட்டிப் பார்த்து உண்மையைக் கண்டாரே, அந்த மனமே அறிவியல் மனம். ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் நாம் ஒவ்வொருவரும் அம்மனத்தைப் பெறுவோமாக!